தக்காளி நசுங்குவதற்கு ஜப்பானியக் கத்திதான் மருந்தா?

12 கத்தி செட் வாங்கி ஆறே மாதத்தில் தக்காளி நசுங்குகிறது, ஜப்பானியக் கத்திக்கு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். பொறுங்கள். நறுக்குவது கண்ணாடிப் பலகையில் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, பாதிக் குற்றவாளி அதுதான். கண்ணாடி துளியும் விட்டுக்கொடுக்காது. எந்தக் கூரும் அதில் மடங்கிவிடும். முதலில் மரப்பலகைக்கு மாறுங்கள்.

ஜப்பானியக் கத்திகள் பலவற்றின் எஃகு, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 60-ஐ ஒட்டியோ தாண்டியோ இருக்கும். ஜெர்மன் பாணியில் 56–58. கடின எஃகில் கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் எலும்பில் பட்டால் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயரும். உங்கள் வீட்டில் ஆளாளுக்கு எடுத்துப் புழங்குவார்கள் என்கிறீர்கள். அப்படியானால் ஜெர்மன் பாணியே நிம்மதி.

வீட்டுக்கு மூன்றே போதும்: 20 செ.மீ. செஃப் கத்தி (பெரும்பாலான நறுக்கலுக்கான பெரிய கத்தி) ஒன்று, 9 செ.மீ. அளவில் சின்னக் கத்தி ஒன்று, ரொட்டி அறுப்பதென்றால் பல் வைத்தது ஒன்று. செட்டில் மீதி ஒன்பதும் இழுப்பறையை அடைக்கத்தான் (என்னிடமும் அப்படி ஒன்று தூங்குகிறது). வாங்குமுன் கையில் பிடித்துப் பாருங்கள். அலகை விரலால் கிள்ளிப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கக் கூடாது.

அதற்கும் முன்னால் 1000 கிரிட் (கல்லின் சொரசொரப்பைக் குறிக்கும் எண்) சாணைக்கல் வாங்கி, இப்போதுள்ள பெரிய கத்தியைப் பக்கத்துக்கு 20 டிகிரி சாய்த்துத் தீட்டிப் பாருங்கள். தக்காளித் தோல் அழுத்தாமலே அறுபட்டால் புதுக் கத்தியே தேவைப்படாது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.