ஜாடியில் வைக்கும் பூ சீக்கிரம் வாடாமல் இருக்க என்ன செய்யலாம்?

கோயம்பேட்டில் வாங்கி வரும் ரோஜாவும் சம்பங்கியும் இரண்டே நாளில் தொங்கிவிடுகின்றன, தண்ணீரில் சர்க்கரை போடலாமா, ஆஸ்பிரின் போடலாமா, செப்புக் காசு போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எதைப் போடுவது என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் தண்ணீரைக் கவனியுங்கள்.

வாடிய ரோஜாவை ஜாடியிலிருந்து எடுத்துக் காம்பின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருக்கும், லேசாக நாறும். அது பாக்டீரியா. தண்ணீர் ஏறும் மெல்லிய குழாய்களை அது அடைத்துவிடுவதால், ஜாடி நிறையத் தண்ணீர் இருந்தும் பூ தாகத்தில் வாடுகிறது. அதனால் ஜாடியைச் சாப்பாட்டுத் தட்டு மாதிரி சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீருக்குள் போகும் இலைகளை எல்லாம் உருவிவிடுங்கள், அழுகும் இலைதான் கிருமிக்குத் தீனி. சென்னை வெக்கைக்குத் தினமும் தண்ணீர் மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போதே காம்பின் அடியில் அரை அங்குலம் சாய்வாக நறுக்குங்கள். மழுங்கிய கத்தரிக்கோல் காம்பை நசுக்கிவிடும். கூரான கத்தியோ அரிவாள்மனையோ நல்லது.

உப்பான போர் தண்ணீரை விடக் குடிக்கிற தண்ணீர் மேல். அடுக்குமாடிகளில் வாட்டர் சாஃப்ட்னர் வழியாக வரும் தண்ணீரை ரோஜாவுக்கு ஊற்றவே ஊற்றாதீர்கள், அதில் சோடியம் கூடுதல்.

இப்போது சர்க்கரைக்கு வருவோம். சர்க்கரை பூவுக்கு உணவுதான், ஆனால் தனியாகப் போட்டால் பூவை முந்திக்கொண்டு கிருமி சாப்பிட்டுவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, கால் டீஸ்பூன் வாசனை சேர்க்காத திரவ ப்ளீச். புளிப்பு இருந்தால் தண்ணீர் காம்பில் சுலபமாக ஏறும், ப்ளீச் கிருமியை அடக்கும். சாற்றையும் ப்ளீச்சையும் நேராக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், விஷவாயு வரும். தனித்தனியாகத் தண்ணீரில் விடுங்கள். காசு போட்டுப் பயனில்லை, செம்பு அந்த அளவுக்குக் கரையாது. ஆஸ்பிரினை நம்பியும் நான் பூ வைக்க மாட்டேன்.

வாங்கி வந்த அன்றே தலை தொங்கிய ரோஜாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எனக்கு அது மனசு கேட்காது. பெரும்பாலும் காம்புக்குள் காற்றுக் குமிழி அடைத்திருக்கும். செய்தித்தாளில் தலை நிமிர்ந்து நிற்கும்படி இறுக்கிச் சுற்றுங்கள். வாளித் தண்ணீருக்குள் காம்பை அமுக்கிப் பிடித்தபடியே ஓர் அங்குலம் நறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுத்தளவு ஒன்றிரண்டு மணி நேரம் நிறுத்தி வையுங்கள். பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். வாங்கும்போதே இதழ்களுக்குக் கீழே, பூவின் அடிப்பகுதியை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் புதுப் பூ, மெத்தென்று அமுங்கினால் பழசு.

சம்பங்கித் தண்டு கீழிருந்து மேலாக மலரும். அடியில் பழுப்பேறிய பூக்களைத் தினமும் கிள்ளி எடுத்தால் மேலே இருக்கும் மொட்டுகள் விரியும். ஜெர்பராவுக்கு இரண்டு மூன்று அங்குலத் தண்ணீர் போதும், ஆழத்தில் நின்றால் அதன் தண்டு அழுகும்.

வைக்கிற இடமும் முக்கியம். வெயில் விழும் ஜன்னல், டிவி மேல், ஃபேனுக்கு நேர் கீழே, ஏசி காற்று அடிக்கும் பக்கம் எதுவும் வேண்டாம். முக்கியமாகப் பழக்கூடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழுக்கும் வாழையும் மாம்பழமும் எத்திலீன் என்ற வாயுவை விடும், அது பட்டால் பூ சீக்கிரம் முதிர்ந்து உதிரும். கார்னேஷன் அதை அறவே தாங்காது. ராத்திரி ஃப்ரிட்ஜில் வைப்பதாக இருந்தாலும் உள்ளே பழம் இல்லாதபோது மட்டும் வையுங்கள்.