டானசோல் குளிசையும் கொலஸ்ட்ரோலும்: சொதியில பழி போடலாமோ?

சாவகச்சேரியில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறா. மகனுக்கு 19 வயசு, பன்கோனி அனீமியா (எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்கிறது குறைஞ்சுபோற ஒரு பரம்பரை நோய்), எட்டு மாசமா டானசோல் போடுறார், ஹீமோகுளோபின் 7இல இருந்து 10க்கு வந்திட்டுது, ஆனா இப்ப எடுத்த றிப்போட்டில எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரோல்) 24, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரோல்) 152, அதைப் பாத்துப் பயந்துபோய் வீட்டில தேங்காய்ப்பால் விட்ட சொதி, முட்டை எல்லாம் நிப்பாட்டியாச்சு, குளிசையையும் நிப்பாட்டவோ எண்டு.

குளிசையை நீங்களா நிப்பாட்டாதேங்கோ அக்கா. எலும்பு மஜ்ஜையை வேலை செய்ய வைக்கிறது அதுதான், விட்டா ஏறின ரத்தம் பெரும்பாலும் திரும்ப இறங்கும், பிறகு ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்த ஓடவேண்டி வரும்.

டானசோல் ஆண் ஹோர்மோன் வகையைச் சேர்ந்த மருந்து. இந்த வகைக் குளிசையள் ஈரல்ல இருக்கிற ஹெபாட்டிக் லைபேஸ் எண்ட என்சைமைக் கூட்டிவிடும், அது எச்டிஎல்லைக் கெதியா உடைச்சுப்போடும், எல்டிஎல்லும் ஏறும். இதே வகையில இன்னொரு குளிசையான ஒக்சிமெத்தலோன் போடுற பிள்ளையளுக்கும் இதே கதைதான். அதால உங்கட சொதியில பிழை இல்லை. ட்ரைகிளிசரைட் ஏறியிருக்கோ எண்டு றிப்போட்டில பாருங்கோ, அது ஏறியிருந்தாத்தான் நான் சாப்பாட்டையும் சீனியையும் சந்தேகப்படுவன், ஏனெண்டா பன்கோனி உள்ள ஆக்களுக்குச் சலரோகம் வாறதும் கூட. முட்டையைத் திரும்பக் குடுங்கோ, மெலிஞ்ச பிள்ளையைப் பட்டினி போடுறதில ஒரு பிரயோசனமும் இல்லை.

கன பேர் விடுற ஒண்டு தைரொயிட். பன்கோனியில தைரொயிட் குறையிறது சாதாரணம், அது குறைஞ்சாலும் எல்டிஎல் ஏறும். டிஎஸ்எச், ஃப்ரீ டி4 எண்ட ரெண்டு தைரொயிட் ரத்தப் பரிசோதனையளையும் கேளுங்கோ, மொத்த டி4 மட்டும் பாத்தா டானசோல் அதைக் குறைச்சுக் காட்டும், தேவையில்லாமக் குழம்புவியள்.

ஏறின எல்டிஎல்லால இதயத்துக்குப் பாதிப்பு வர வருஷக்கணக்கு எடுக்கும், எலும்பு மஜ்ஜை இண்டைக்கே வேலை செய்யவேணும், அதால 19 வயசில நான் குளிசையின்ர பக்கம்தான் நிப்பன். எச்டிஎல்லை ஏத்த எண்டு விக்கிற பூண்டு கப்சூலுக்குக் காசைக் கொட்டாதேங்கோ. எல்டிஎல் இறங்காமலே நிண்டா ஸ்டற்றின் எண்ட கொலஸ்ட்ரோல் குறைக்கிற குளிசையை யோசிக்கலாம், ஆனா ஒண்டு முக்கியம்: சிம்வாஸ்டற்றின் டானசோலோட சேரவே கூடாது, தசை கரைஞ்சு சிறுநீரகம் பழுதாகலாம். வேற டொக்டரிட்டையோ ஃபார்மசியிலயோ கொலஸ்ட்ரோல் குளிசை வாங்கினா டானசோல் போடுறதை முதல்ல சொல்லிப்போடுங்கோ.

கொலஸ்ட்ரோலை விட எனக்குப் பயம் ஈரல்தான். ஈரல் ரத்தப் பரிசோதனை ரெண்டு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா, வயித்து ஸ்கான் ஆறு மாசத்துக்கோ வருஷத்துக்கோ ஒருக்கா, ஏனெண்டா இந்தக் குளிசையளால ஈரல்ல கட்டியள், ரத்தம் நிரம்பின பைகள் வரலாம். கண் மஞ்சளாகினா, வலது விலாவுக்குக் கீழ நோ வந்தா அடுத்த கிளினிக் நாளைப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. குடி வேண்டாம், சுருட்டு வெத்திலையும் வேண்டாம், பன்கோனிக்காரருக்கு வாய்ப் புற்றுநோய் ஆபத்து ஏற்கனவே கூட. கொலஸ்ட்ரோலை ஆறு மாசத்தால திருப்பி எடுத்து, குளிசை தொடங்க முதல் எடுத்த பழைய றிப்போட்டும் இருந்தா ரெண்டையும் ஒண்டாக் கொண்டுபோய்க் கிளினிக்கில காட்டுங்கோ, அளவைக் குறைக்கிறதோ எண்டதை அவை பாத்துச் சொல்லுவினம்.