பெரிய பைக்குக்கு மாறுவதும் சக ரைடரோடு மோதுவதும்: வாசகர் கேள்வி – பதில்

மோட்டோ 3-ல் வெற்றிமேல் வெற்றி பெற்றவர்கள் மோட்டோ 2-க்குப் போனதும் முதல் சீசனில் திணறுகிறார்களே, இன்ஜின் சக்தி கூடிவிடுவதாலா?

சக்தி பாதிக் காரணம்தான். உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் மூன்று வகுப்புகளில் மோட்டோ 3 சிறியது, மோட்டோ 2 நடுவில், மோட்டோஜிபி உச்சம். மோட்டோ 3 பைக்கில் 250 சிசி ஒற்றை சிலிண்டர், ஏறக்குறைய 60 குதிரைத்திறன். ரைடரும் பைக்கும் சேர்ந்து குறைந்தது 152 கிலோ இருக்க வேண்டும். மோட்டோ 2-ல் 2019 முதல் டிரையம்ஃபின் 765 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின், 140 குதிரைத்திறன் அளவில். சேர்ந்த எடை 217 கிலோ. கூடிய அந்த 65 கிலோதான் ஓட்டும் முறையையே மாற்றச் சொல்கிறது.

சின்ன பைக்கில் ஒருமுறை வேகத்தை இழந்தால் திரும்பப் பிடிக்க நெடுநேரம் ஆகும். அதனால் ரைடர் பிரேக்கைச் சீக்கிரம் விட்டு, அகலமான வில் போல வளைந்து, வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டே வெளியே வருவார். கனமான பைக்கில் அதே கோட்டில் போனால் டயர் அதன் ஓரத்திலேயே நெடுநேரம் நிற்கும், த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை) திறக்க முடியாது. இங்கே ஆழமாக பிரேக் அடித்து, குறைந்த இடத்தில் பைக்கைத் திருப்பி, உடனே நிமிர்த்தி, பின் டயரின் நடுப்பகுதி தரையில் பட்ட பிறகு முழுச் சக்தியையும் இறக்க வேண்டும். வில்லாக இருந்த பாதை 'V' வடிவத்துக்கு மாறுகிறது.

தவறு எங்கே நடக்கிறது என்றால், பழைய பழக்கத்தில் பிரேக்கைச் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள். முன் டயரில் பாரம் இல்லாததால் பைக் திரும்பாமல் வெளியே ஓடுகிறது. இழந்த நேரத்தைப் பிடிக்க, சாய்ந்த நிலையிலேயே த்ராட்டிலைத் திறக்கிறார்கள், பின்சக்கரம் வழுக்குகிறது. நுழைவில் செய்த தவறுக்கு வெளியேறும்போது விழுகிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மோட்டோ 3-ல் முன்னால் போகும் பைக்கின் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டே போய் முன்வரிசையில் முடிக்க முடியும். மோட்டோ 2-ல் கூட்டம் பிரிந்துவிடும், தனியாக வேகம் காட்டியாக வேண்டும். பெத்ரோ அகோஸ்டா 2021-ல் அறிமுக ஆண்டிலேயே மோட்டோ 3 பட்டம் வென்றவர். அவருக்கே 2022-ல் மோட்டோ 2-ன் முதல் வெற்றி எட்டாவது பந்தயத்தில், இத்தாலியின் முஜெல்லோவில்தான் கிடைத்தது. 2023-ல் அந்தப் பட்டமும் அவர் கைக்கு வந்தது.

அப்படியானால் மோட்டோஜிபிக்குப் போகும்போது எது மிகக் கடினம்?

பிரேக். 250 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மோட்டோ 3 பைக்கையும் 350-ல் போகும் மோட்டோஜிபி பைக்கையும் ஒப்பிட்டால், ஒவ்வொரு கிலோவுக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எடையும் கூடியிருப்பதால் பிரேக் கரைக்க வேண்டிய மொத்த ஆற்றல் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. 2023-ல் முஜெல்லோவில் பிராட் பைண்டர் மணிக்கு 366.1 கிலோமீட்டர் தொட்டார். ஒரு நொடிக்கு 100 மீட்டருக்கு மேல். கண் அதற்குப் பழகவே சில நாட்கள் ஆகும்.

கீழ் வகுப்புகளில் ஸ்டீல் டிஸ்க், மோட்டோஜிபியில் கார்பன் டிஸ்க். கார்பன் சூடேறாமல் சரியாகப் பிடிக்காது. சூடேறிவிட்டால் லீவரைத் தொட்டதுமே கடிக்கும். புதியவர் பயந்து மென்மையாக அடித்தால் டிஸ்க் ஆறிவிடும், அடுத்த கார்னரில் பிடிப்பு இன்னும் குறையும். ஆகவே துணிந்து அடிப்பவருக்குத்தான் அந்த பிரேக் ஒத்துழைக்கும்.

சிசி மாறாமல் பைக் மட்டும் மாறினாலும் இந்தச் சிக்கல் வரும். யமஹாவில் மூன்று பட்டங்கள் வென்ற ஹோர்ஹே லொரென்சோ 2017-ல் டுகாட்டிக்கு மாறினார். முதல் வெற்றிக்கு 2018 முஜெல்லோ வரை காத்திருந்தார். பிரேக் அடிக்கும்போது உடலைத் தாங்கும்படி டேங்க் வடிவத்தை மாற்றிக் கொடுத்த பிறகுதான் அது வந்தது. கைகள் மட்டுமே உடல் பாரத்தைத் தாங்கினால் பந்தயத்தின் பாதியில் பலம் போய்விடும். டேங்கை ஒரு எரிபொருள் பெட்டியாக மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

300 சிசி வகுப்பில் ஓட்டுகிறேன். அடுத்த சீசனில் 600-க்குப் போகிறேன். முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

40 குதிரைத்திறனிலிருந்து 120-க்குத் தாவுகிறீர்கள். முதல் நாள் லேப் டைமைப் பார்க்கவே வேண்டாம்.

பைக் உங்கள் எடைக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். முழு உடையோடு உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் முன்னால் 35 முதல் 40 மில்லிமீட்டர், பின்னால் 30 முதல் 35 இறங்க வேண்டும். ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டி அழுத்தும் அளவை) எவ்வளவு திருகியும் இந்த அளவு வரவில்லை என்றால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். டேம்பிங்கை (சஸ்பென்ஷன் அசையும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதை) திருகி அதைச் சரிசெய்ய முடியாது. த்ராட்டில் கேபிளில் 2 முதல் 3 மில்லிமீட்டர் தளர்வு போதும். அதிகமாக இருந்தால் திறக்கும் நொடியில் பைக் வெட்டி இழுக்கும். ஸ்லிக் (பள்ளக்கோடுகள் இல்லாத) டயராக இருந்தால் வார்மரில், அதாவது டயரைச் சூடாக்கும் உறையில், 80 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். காற்றழுத்தத்துக்கு டயர் நிறுவனம் சொல்லும் அளவே சரி.

ஓட்டும்போது முதல் இரண்டு செஷனும் ஒவ்வொரு கார்னரிலும் ஒரு கியர் கூட்டியே போங்கள். இரண்டாவது கியர் கார்னரை மூன்றில் எடுத்தால் த்ராட்டில் மென்மையாகும், த்ராட்டிலை மூடும்போது இன்ஜினே பைக்கைப் பிடித்திழுக்கும் இன்ஜின் பிரேக்கிங்கும் குறையும். பிரேக்கை இரண்டு கட்டமாக அடியுங்கள். லேசாகத் தொட்டு முன் ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன்) அமுங்கக் கால் நொடி கொடுத்து, பிறகு பலமாக அழுத்துங்கள். எடுத்த எடுப்பில் இறுக்கினால் பாரம் முன்னே வருவதற்குள் டயர் பூட்டிக்கொள்ளும்.

மிக முக்கியமானது இது: பின்சக்கரம் வழுக்கினால் த்ராட்டிலைப் பட்டென்று மூடாதீர்கள். 300-ல் அப்படிச் செய்தும் தப்பித்திருப்பீர்கள். 600-ல் மூடியதும் டயர் திடீரென்று பிடிக்கும், அழுந்தியிருந்த சஸ்பென்ஷன் துள்ளும், பைக் உங்களை மேலே தூக்கி எறியும். ஹைசைட் என்பது இதுதான். திறந்த அளவிலேயே பிடியுங்கள், அல்லது மிகக் கொஞ்சமாகக் குறையுங்கள்.

பத்து லேப்புக்குள் முன்கை கல்லாக இறுகிவிடுகிறது. என்ன செய்வது?

ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பதுதான் பெரும்பாலும் காரணம். தசை வீங்குகிறது, அதைச் சுற்றிய உறை விரிந்து கொடுக்காததால் ரத்த ஓட்டம் குறைகிறது. டேங்கின் இரு பக்கமும் பிடிப்பு ரப்பர் ஒட்டி முழங்காலால் தாங்குங்கள். பிரேக் லீவரின் தூரத்தையும் கோணத்தையும் மணிக்கட்டு நேராக இருக்கும்படி மாற்றுங்கள். அதற்கும் தீராவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். பல உலகப் போட்டி ரைடர்கள் இதற்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஒரே டீமில் இருப்பவர்களுக்குள் ஏன் இவ்வளவு பகை?

தோற்றால் பைக்கைக் காரணம் காட்ட முடியாத ஒரே எதிராளி சக ரைடர்தான். அவர் கையிலும் அதே பைக். அடுத்த ஒப்பந்தம், புதிய பாகம் முதலில் யாருக்கு, அடுத்த ஆண்டு பைக்கை யார் விருப்பப்படி வடிவமைப்பது என எல்லாமே அந்த ஒப்பீட்டில்தான் தீர்மானமாகிறது.

2008-ல் யமஹா கேரேஜில் வாலென்டினோ ரோஸிக்கும் லொரென்சோவுக்கும் நடுவே சுவர் எழுந்தது. ஒருவருக்கு பிரிட்ஜ்ஸ்டோன் டயர், மற்றவருக்கு மிஷெலின். ரகசியம் காக்கத்தான் சுவர் என்றார்கள். 2009-ல் எல்லோருக்கும் ஒரே டயர் வந்த பிறகும் சுவர் நின்றது! அதே யமஹாவில் 2015-ல் லொரென்சோ 330, ரோஸி 325 என ஐந்து புள்ளியில் பட்டம் முடிவானது.

இதைவிட வலித்தது 2006-ல் போர்ச்சுகலின் எஸ்டோரில் தடத்தில் நடந்தது. புள்ளிப் பட்டியலில் முன்னணியில் இருந்த நிக்கி ஹேடனை அவருடைய ஹோண்டா சக ரைடர் டேனி பெட்ரோசா உள்பக்கமாக நுழைந்து வீழ்த்தினார். ஹேடனின் முன்னிலை போயிற்று. கடைசிப் பந்தயமான வாலென்சியாவில் ரோஸி விழுந்ததால்தான் ஹேடன் சாம்பியனானார். 2016 அர்ஜென்டினாவில் இரண்டாவது, மூன்றாவது இடங்களில் வந்த டுகாட்டி இணை டோவிட்சியோசோவும் இயன்னோனேயும் முடியும் தறுவாயில் மோதி விழுந்தார்கள். சக ரைடரை முந்தக் கூடாது என்று எவரும் சொல்ல மாட்டார்கள். இருவரும் தப்பிக்க இடம் இல்லாத கார்னரில் நுழையக் கூடாது என்பதைத்தான் டீம்கள் கேட்கின்றன. அது நியாயமான கோரிக்கை.

என் சக ரைடர் என்னைவிட லேப்புக்கு 0.8 நொடி வேகம். அவருடைய டேட்டாவைப் பார்க்க டீம் அனுமதிக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

நல்ல டீம் உங்களுடையது. இருவர் பைக்கிலும் பதிவான வேகம், பிரேக், த்ராட்டில் வரைபடங்களை நேரத்தை வைத்து ஒப்பிடாமல் தூரத்தை வைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். 0.8 நொடி லேப் முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. பெரும்பகுதி இரண்டு மூன்று கார்னர்களில் கிடக்கும். அவற்றை மட்டும் எடுங்கள்.

ஒவ்வொன்றிலும் இந்த வரிசையில் பாருங்கள்: பிரேக் தொடங்கும் இடம், அழுத்தம் உச்சத்தை எட்ட ஆகும் நேரம், பிரேக்கை முழுதும் விடும் இடம், கார்னரின் மிகக் குறைந்த வேகம், த்ராட்டில் திறக்கத் தொடங்கும் இடம், முழுதும் திறந்த இடம். சின்ன பைக்கிலிருந்து வந்தவர்களின் வரைபடத்தில் அடிக்கடி தெரிவது இது: குறைந்த வேகம் சக ரைடரைவிட அதிகம், ஆனால் முழு த்ராட்டில் இருபது மீட்டர் தள்ளி வருகிறது. கார்னருக்குள் வென்றதை நேர்ச்சாலையில் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். அடுத்த செஷனில் அந்த ஒரு கார்னரில் மட்டும் நுழைவு வேகத்தைக் குறைத்து, த்ராட்டிலை முன்னால் கொண்டுவந்து பாருங்கள்.

அவருடைய செட்டிங்கை அப்படியே உங்கள் பைக்குக்கு மாற்றாதீர்கள். அவர் உங்களைவிடப் பத்து கிலோ குறைவாக இருந்தால் அவருடைய ஸ்பிரிங் உங்களுக்கு மென்மையாகப் போய், பிரேக் அடிக்கும்போது ஃபோர்க் அடிமட்டம் வரை இறங்கிவிடும். கோட்டையும் பிரேக் விடும் இடத்தையும் அவரிடமிருந்து எடுங்கள், ஸ்பிரிங்கை உங்கள் எடையிலிருந்து எடுங்கள். உங்கள் டேட்டாவையும் அவருக்குத் திறந்து வையுங்கள். எவ்வளவு வேகமானவருக்கும் உங்களிடம் ஒரு கார்னராவது கற்றுக்கொள்ள இருக்கும்.