காவல் நிலையத்தில் நோட்டரி முத்திரையா? ஒரு வழக்கறிஞரின் கேள்வி பதில்

திருச்சி வாசகர்: நோட்டரியைத் தேடி அலையாமல், காவல் நிலையத்திலேயே ஆவணங்களுக்குச் சான்றொப்பம் தரும் வசதி வந்தால் நல்லதுதானே ஐயா?

பதில்: வசதிதான், யாருக்கு என்பதுதான் கேள்வி. ஸ்டேஷனில் கடன் தகராறு எப்படி முடிகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? இரு தரப்பையும் உட்கார வைத்து, 'மூன்று மாதத்தில் தந்துவிடுகிறேன்' என்று வெள்ளைத் தாளில் எழுதி வாங்குவார்கள். மிரட்டி வாங்கியது என்று பிறகு நீதிமன்றத்தில் சொல்ல இன்று வழி இருக்கிறது. எழுதி வாங்கிய ஏட்டின் கையிலேயே நோட்டரியின் வட்ட முத்திரையையும் கொடுத்தால், கட்டப்பஞ்சாயத்துக்குச் சட்டச் சாயம் பூசியதாகிவிடும்.

இன்னொன்று. விசாரணையில் சாட்சி சொல்வதைப் போலீஸார் எழுதிக்கொள்ளலாம். அதில் அவருடைய கையெழுத்தை வாங்கக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 162-வது பிரிவு, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் 181. அந்தக் கையெழுத்தைக்கூட ஸ்டேஷனில் வாங்கவிடாத சட்டம் உங்கள் பத்திரத்தை எப்படி அங்கே ஒப்படைக்கும்?

சேலம் வாசகர்: மூலப் பத்திரம் தொலைந்துவிட்டது. ஸ்டேஷனில் நோட்டரி செய்வார்களா?

பதில்: மாட்டார்கள். அங்கே புகார் கொடுத்து, தேடியும் கிடைக்கவில்லை என்ற சான்றிதழ் வாங்குங்கள். பிரமாணப் பத்திரத்துக்கு நோட்டரி. யார் அவசரப்படுத்தினாலும் வெற்று முத்திரைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

டாம்பா வாசகர்: எங்கள் புளோரிடாவில் போலீஸுக்கு இந்த அதிகாரம் இருக்கிறது. என்ன கெட்டுப்போயிற்று?

பதில்: இருக்கிறது, மாநிலச் சட்டம் 117.10. ஆனால் அலுவல் பணியில் இருக்கும்போது மட்டும். கைது செய்த அதிகாரி தன் பிரமாண வாக்குமூலத்தை நள்ளிரவில் சக அதிகாரி முன்னிலையில் ஒப்பமிடலாம். தன் கையெழுத்துக்குத் தானே சான்றளிக்க முடியாது. போலீஸின் வேலைக்காக வந்த ஏற்பாடு அது. உங்கள் வீட்டுப் பத்திரத்துக்காக வந்ததல்ல.

கோவை வாசகர்: சக அதிகாரி என்றால், ஒரே ரோந்து வண்டியில் வந்தவரா? நல்ல சாட்சி!

பதில்: எனக்கும் உறுத்துகிற இடம் அதுதான். ஆனால் புளோரிடாவில் கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். போதிய காரணம் இருக்கிறதா என்று அவர் பார்ப்பார்.

டாம்பா வாசகர்: 24 மணி நேர விதி இந்தியாவிலும் உண்டே!

பதில்: உண்டு, அரசியல் சாசனம் 22-வது பிரிவு. அது கைதுக்கு. ஸ்டேஷனில் எழுதி வாங்கும் கடன் பத்திரத்தை எந்த நீதிபதி 24 மணி நேரத்தில் பார்க்கிறார்? போலீஸின் தாளுக்குப் போலீஸ் சான்றளிப்பது வேறு, திருச்சிக்காரரின் தாளுக்குச் சான்றளிப்பது வேறு.

வேலூர் வாசகர்: கிரய ஒப்பந்தத்துக்கு நோட்டரி போதுமா?

பதில்: எத்தனை தடவை ஐயா! போதாது. சார்பதிவாளர் அலுவலகம் போங்கள். வெற்றுத் தாள் எச்சரிக்கை உங்களுக்கும்தான்.

தேனி வாசகர்: சட்டம் படித்த ஏட்டு நோட்டரி ஆகலாமா?

பதில்: பணியில் இருக்கும்வரை வழக்கறிஞர் தொழில் செய்ய முடியாது. நோட்டரிக்குப் பொதுப் பிரிவினருக்குப் பத்தாண்டுத் தொழில் அனுபவம் வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு கணக்குப் போடட்டும்.