பயிற்சி மருத்துவர்கள் புதிதாகச் சேரும் மாதத்தில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா?

கேள்வி: 68 வயதான என் தாயாருக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அந்த மாதத்தில்தான் அங்கே புதிய பயிற்சி மருத்துவர்கள் பணியில் சேருகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து பயமாக இருக்கிறது. தள்ளிப்போடலாமா?

பதில்: இந்த ஒரு காரணத்துக்காகத் தள்ளிப்போட வேண்டாம். உங்கள் பயம் அடிப்படையற்றதும் அன்று. அமெரிக்காவில் ஜூலை தொடக்கத்திலும் பிரிட்டனில் ஆகஸ்ட் முதல் புதன்கிழமையிலும் பயிற்சி மருத்துவர்கள் மாறுகிறார்கள். அந்தப் புதன்கிழமையன்று அவசர சிகிச்சைக்குச் சேர்ந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு, முந்தைய புதன்கிழமையைவிட 6 சதவீதம் கூடுதலாக இருந்ததாக 2009இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு வெளியானது. ஆனால் மூட்டு மாற்று என்பது முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்யப்படுவது. இதை மட்டும் தனியே எடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வுகள் பெரும்பாலும் அத்தகைய வேறுபாடு எதையும் காணவில்லை.

அறுவை அரங்கில் பயிற்சி மருத்துவர் தனியாக விடப்படுவதில்லை என்பதே இதற்கு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன். எலும்பை வெட்டும் கோணத்தையும் செயற்கை மூட்டின் அளவையும் மூத்த மருத்துவர் சரிபார்க்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியலின்படி, கத்தி வைப்பதற்கு முன் அனைவரும் ஒரு கணம் நிறுத்தி, நோயாளி யார், எந்தக் கால், கிருமிக்கொல்லி மருந்து கடந்த 60 நிமிடங்களுக்குள் செலுத்தப்பட்டதா என்று வாய்விட்டுச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும்.

நான் கவலைப்படுவது வார்டில் கழியும் இரவுகளைப் பற்றித்தான். கெண்டைக்கால் வீங்குவது, திடீரென மூச்சு வாங்குவது, பாதத்தை மேலே தூக்க முடியாமல் போவது, வயதானவர் மனம் குழம்பிப் பேசுவது ஆகியவற்றைப் புதியவர் கவனித்தாலும், மூத்தவரை எழுப்பலாமா என்று தயங்கும் அரைமணி நேரம் மிகவும் முக்கியமானது. ஆகவே அறுவை சிகிச்சையை யார் செய்வார், பயிற்சி மருத்துவரின் பங்கு என்ன, இரவில் யாரை அழைப்பார்கள், அவர் எவ்வளவு நேரத்தில் வருவார் என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. தாயார் சாப்பிடும் மருந்துகளையும், குறிப்பாக இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளையும், ஒவ்வாமைகளையும் தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள். பணிமுறை மாறும்போது வரும் ஒவ்வொருவரிடமும் காட்டுங்கள்.

தள்ளிப்போட வேண்டிய காரணங்கள் வேறு: கட்டுக்குள் வராத சர்க்கரை, பல்லில் சீழ், காலில் ஆறாத புண், அந்த மூட்டில் கடந்த 3 மாதங்களுக்குள் போட்ட ஸ்டீராய்டு ஊசி. இவற்றில் ஏதேனும் இருந்தால் இன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.