இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலப் பெண் இசையமைப்பாளர்களைச் சிற்றரங்க இசையில் தேடுவது ஏன்?

சிம்பொனி அரங்கேறப் பெரிய இசைக்குழுவின் ஆதரவு வேண்டும். அது பெண்களுக்கு எளிதில் கிட்டாத காலத்தில், இரண்டு முதல் நான்கு பேர் சேர்ந்தாலே வாசித்துவிடக்கூடிய சிற்றரங்க இசையில்தான் அவர்களுடைய சிறந்த படைப்புகள் பல உருவாயின. தாமே வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்திக்கருவி) கலைஞரான பிரிட்டன் இசையமைப்பாளர் ரெபெக்கா கிளார்க் எழுதிய வயோலா சொனாட்டா (ஓரிரு கருவிகளுக்கான, பல பகுதிகள் கொண்ட படைப்பு), 1919இல் அமெரிக்காவில் நடந்த போட்டியில் இசையமைப்பாளர் எர்னஸ்ட் பிளாக்கின் படைப்போடு முதலிடத்துக்குச் சமமாக நின்று, புரவலர் எலிசபெத் கூலிட்ஜின் வாக்கினால் இரண்டாமிடம் பெற்றது. 1976இல் அவருடைய 90ஆம் பிறந்தநாளையொட்டி ஒலிபரப்பான வானொலி நிகழ்ச்சி அதை மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

முதலில் கேட்க வேண்டியது என்று நான் சொல்வது, அமெரிக்க இசையமைப்பாளர் ரூத் க்ராஃபோர்ட் 1931இல் எழுதிய தந்திக்கருவி நால்வரிசை (இரு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோவுக்கான படைப்பு). அதன் மூன்றாம் பகுதியில் நான்கு கருவிகளும் நீண்ட சுரங்களைப் பிடித்திருக்க, ஒவ்வொன்றின் ஒலியளவும் வெவ்வேறு நொடியில் ஓங்கித் தணிவதிலிருந்தே மெட்டு பிறக்கிறது.