சளியில் கிருமி இல்லை, மூச்சு வாங்குகிறதே?

கேள்வி: எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடும் அண்ணனுக்கு மூன்று வாரமாக வறட்டு இருமல், காய்ச்சல். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சளிப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. பயப்பட வேண்டுமா?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: அலட்சியம் கூடாது. நம்மூரில் முதல் சந்தேகம் காசநோய்தான். எச்.ஐ.வி. உள்ளவர்களின் சளியில் கிருமி குறைவு என்பதால் நுண்ணோக்கிக்குத் தப்பிவிடும். காசநோய்க் கிருமியின் மரபணுவைச் சளியில் தேடும் சிபிநாட் பரிசோதனை கேளுங்கள்.

ரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்களின் அளவைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே என்றால், இந்த அறிகுறிகள் நுரையீரலைத் தாக்கும் நியுமோசிஸ்டிஸ் பூஞ்சைத் தொற்றுடன் அப்படியே பொருந்துகின்றன. தொடக்கத்தில் எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டி ரத்த ஆக்சிஜன் அளவைப் பாருங்கள்: உட்கார்ந்திருக்கையில் 94 சதவீதத்துக்குக் குறைந்தாலோ, சற்று நடந்ததும் சரிந்தாலோ அன்றே மருத்துவமனை. இந்தப் பூஞ்சையைத் தடுக்கத் தரப்படும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையை அவராகவே நிறுத்திவிட்டாரா? பலர் செய்வது அதுதான்.

திடீர்க் குளிர்காய்ச்சலும் பழுப்புச் சளியும் வந்தால் நிமோகாக்கஸ் பாக்டீரியாவாக இருக்கலாம், அதற்கு சி.டி.4 குறைந்திருக்க வேண்டியதில்லை.